ஒன்பதாவது வளைவு

ஆறே காலுக்குக் குகையிலிருந்து கிளம்பும்
எங்கள் பன் வண்டியில் மூன்று பேர்:
நான், சந்திரபோஸ்,
டேஷ்போர்டுக்குள் மிருதுளா.

மிருதுளாவை நாங்கள் பார்த்ததில்லை.
கன்னத்தில் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு
பேசுகிற மாதிரி ஒரு குரல்.
முதல் தோசை மட்டும் ஏன் கல்லை விட்டு வர அடம் பிடிக்கிறது,
ஒருத்தர் கொட்டாவி விட்டால்
பக்கத்து சீட்டுக்கும் ஏன் வருகிறது,
ஜோடியில் ஒரு சாக்ஸ் மட்டும் எந்த ஊருக்குக் குடிபோகிறது,
இதற்கெல்லாம் யாராவது கவலைப்பட வேண்டாமா?
அவள் படுகிறாள்.
கோரிமேடு தாண்டுவதற்குள்
எங்களுக்கு ஆளுக்கு இரண்டு கொட்டாவி.

அடிவாரத்தில் நல்ல செய்தி நேரம்.
அயோத்தியாபட்டணம் பஸ்ஸில்
யாரோ பெரியவர் விட்டுப்போன பல்செட்டை
வெற்றிலைப் பொட்டலம் என்று நினைத்துப் பிரித்த கண்டக்டர்
அதை எடுத்துக்கொண்டு நேரே

முதல் வளைவு.
கொர்ர்ர்.

இரண்டாம் வளைவில் மிருதுளா சிரித்துக்கொண்டிருக்கிறாள்.
பல் வீடு போய்ச் சேர்ந்ததா, தெரியவில்லை.
"சேர்ந்திருக்கும்" என்றார் இவர்,
"சேரலன்னா அது எப்படி நல்ல செய்தி?"

நாலு, ஐந்து, ஆறு.
கல்யாண வாரமாம்.
தாதகாப்பட்டியில் ஒரு மாப்பிள்ளை
தாலி கட்டும் நேரம் பார்த்துத் தும்ம,
பதற்றத்தில் நாத்தனார் எண்ணிக்கையை விட,
முடிச்சு நாலாகிவிட்டது.
கூடுதல் முடிச்சு போனஸா, வட்டியா?
நேயர்கள் சொல்லலாம்.

எட்டாவது வளைவில் வானம் திறந்தது.
"அடுத்த வாய்ஸ் நோட், குகையிலிருந்து சந்திரபோஸ்!
கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்.
மனைவிகிட்ட இன்னிக்கு வரைக்கும்
கேக்கத் தைரியம் வராத ஒரு கேள்வி இருக்காம்.
அது என்னன்னா"

ஒன்பதாவது வளைவு.
கொர்ர்ர்ர்ர்ர்ர்.

நான் அவரைப் பார்த்தேன்.
அவர் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார்,
அதன்மேல் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்தார்,
இல்லாத லாரிக்கு ஹாரன் அடித்தார்.
"என்ன கேட்டீங்க?"
"ஊர்ல எத்தனையோ சந்திரபோஸ்."
"குகையில?"
"இருப்பான்."

ஏற்காட்டில் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டிருக்கிறது.
ஏரிக்கரையில் நாற்பது பன்னை எண்ணி வாங்கிய ஜெபஸ்டின்
நாற்பத்தொன்று என்று எண்ணிச் சிரித்தான்.
பால் பூத் ஸ்டெல்லா
"எங்க வீட்லயும் அதே கால்தான் அக்கா" என்றாள்.
கால்?
ஒண்டிக்கடை டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்,
"இல்லாதத எப்படிம்மா மிதிப்பீங்க?"
எனக்கு ஒன்றும் புரியவில்லை.
புரியாததை ஒண்டிக்கடைக்குக் காட்டிக்கொள்ள முடியுமா?
"பழக்கம்தாண்ணே" என்றேன்.

இறக்கம்.
பின்னால் காலித் தட்டுகள் கலகலத்தன.
சில்வர் ஓக் மரங்களுக்குள்ளிருந்து
பதினேழாவது வளைவில் திடீரென்று ஒரு பஸ்
மூக்கை நீட்டியது.

வண்டி நின்றது.
நான் குனிந்து பார்த்தேன்.
என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது,
முழு பலத்தோடு,
முட்டி நடுங்க.
ரப்பர் விரிப்பில் அந்த இடத்தில்
என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஓட்டை.
இது மூன்றாவது விரிப்பு.
முதல் இரண்டும் எப்படிக் கிழிந்தன என்று
எலியைத் திட்டியிருக்கிறேன்.

இவர் ஒன்றும் சொல்லவில்லை.
மீசைக்குள் மட்டும் ஏதோ ஓடியது.

நாளைக்கு நானும் அனுப்பப் போகிறேன்.
மிருதுளா, எங்க வீட்டுக்காரர்
இருபத்திரண்டு வருஷமா
வண்டி நிக்கிறது
அவர் பிரேக்காலன்னு நம்பிட்டு இருக்காரு.
பாவம், சொல்லிடாதீங்க.

அப்புறம் அந்தப் பெரியவர்,
பல்லு கிடைச்சுதா?